காற்றாடியை வெறும் கையோடு விடக்கூடாது

பெட்டரி பிரேக்கரை இறக்கியது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வீட்டுக் காற்றாடியும் சோலாரும் பெட்டரிக்குக் கரண்ட் ஏற்றுவதைப் பார்த்துக்கொள்ளும் கன்ட்ரோலர் எரிந்த பிறகு ஒரு வாரம் முழுக்க வீட்டில் எல்லாரிடமும் "சாமான் போலி, வெளியே ஒரு லேபிள், உள்ளே ஒரு குப்பை" என்று திட்டிக்கொண்டிருந்தேன். சாமான் அப்படி ஒன்றும் உயர்ந்ததில்லை என்பது உண்மை. ஆனால் அதைக் கொன்றது என் கை.

வீடு இருப்பது ஹப்புத்தளையிலிருந்து இதல்கஸ்ஹின்ன போகும் ரயில் பாதைக்குக் கீழே, 1,400 மீட்டர் உயரத்தில். ஜூன் மாதம் கச்சான் என்ற தென்மேற்குக் காற்று தொடங்கினால் ஆகஸ்ட் வரை தகரம் தாளம் போடும். காலையில் நல்ல வெயில், மதியம் திரும்பினால் மூட்டம் ஏறி வந்து எதிர்வீடு தெரியாது. வெயில் போகிற நேரத்தில்தான் அநேகமாகக் காற்று வரும். அதனால் இரண்டையும் ஒரே பெட்டரியில் சேர்த்தால் என்ன என்ற எண்ணம் 2022இல், ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டிய காலத்திலேயே வந்தது. கையில் காசில்லை, விட்டுவிட்டேன். அப்புறம் 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஒரு குரங்கு மின்நிலையத்து ட்ரான்ஸ்ஃபோமரில் கை வைத்து நாடு முழுக்க இருண்டதே, அன்றைக்கு ரேடியோ திருத்தும் மேசையில் மெழுகுதிரியோடு உட்கார்ந்து முடிவெடுத்தேன்.

வாங்கியது: 330 வாட் சோலார் பெனல் 2, 12 வோல்ட் 150 அம்பியர்-மணி டியூபுலர் பெட்டரி 2 (தொடரில் போட்டு 24 வோல்ட்), 1.8 மீட்டர் விட்டமுள்ள மூன்று இறக்கைக் காற்றாடி 1, "காற்று சோலார் ஹைபிரிட்" என்று எழுதிய கன்ட்ரோலர் 1. காற்றாடியின் முதுகில் 1000 வாட் என்று ஸ்டிக்கர். இதை நம்புகிறவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. காற்றில் இருக்கும் சக்தி காற்றின் அடர்த்தி, இறக்கை சுழலும் வட்டத்தின் பரப்பு, வேகத்தின் மும்மடி மூன்றையும் பெருக்கிப் பாதியாக்கியது. 1.8 மீட்டர் வட்டத்தின் பரப்பு 2.54 சதுர மீட்டர். அடர்த்தி கடல் மட்டத்தில் கன மீட்டருக்கு 1.225 கிலோ, எங்கள் உயரத்தில் ஏறக்குறைய 1.03தான், அதாவது மலையில் ஏறியதற்கே 16 வீதம் போய்விட்டது. எந்தக் காற்றாடியும் 59.3 வீதத்துக்கு மேல் எடுக்க முடியாது, சின்னக் காற்றாடி 30 எடுத்தால் பெரிய விஷயம். ஆக செக்கனுக்கு 12 மீட்டர் புயல் மாதிரி அடித்தாலும் 680 வாட். 8 மீட்டரில் 200. 5 மீட்டரில் 49 வாட், ஒரு மின்விசிறி ஓடும். அம்பேவெலப் பக்கம் புல்வெளியில் நிற்கிற பெரிய காற்றாடிகளின் இறக்கை ஏன் அத்தனை நீளம் என்று இந்தக் கணக்கைப் போட்டால் புரியும்.

சரி, எரிந்த நாள். ஜூன் கடைசி, பின்னேரம். பெட்டரி லக் ஒன்று சூடாகிறது என்று கண்டேன். தொழில் பழகிய நாளிலிருந்து மண்டையில் ஏறிய பாடம், தொடுவதற்கு முன் கரண்டை நிறுத்து. பெட்டரிக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவில் இருந்த பிரேக்கரை இறக்கிவிட்டு ஸ்பேனரைத் தேடித் திரும்பினேன். வெளியே காற்றாடியின் சத்தம் மாறியது. 'வூ' என்று இருந்தது 'வீ' என்று ஆனது. மூன்று நான்கு செக்கன் இருக்கும், பெட்டிக்குள் ஒரு வெடி, அந்தக் கருகிய மீன் வாசம். எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் வெடித்தால் வருகிற வாசம் ரேடியோ திருத்துகிறவனுக்குத் தெரியாதா.

திறந்து பார்த்தால் 63 வோல்ட் கெப்பாசிட்டர் இரண்டும் தொப்பி கழன்று நிற்கின்றன. காற்றுப் பக்கத்து மொஸ்ஃபெட்டின் (சுவிட்ச் மாதிரி வேலை செய்யும் ட்ரான்சிஸ்டர்) மூன்று கால்களும் ஒன்றோடொன்று ஷார்ட். சோலார் பக்கம் ஒரு கீறலில்லை.

கதை இதுதான். இந்தக் காற்றாடியின் ஜெனரேட்டர் நிரந்தரக் காந்தம் வைத்த மூன்று ஃபேஸ். வோல்ட் சுற்றும் வேகத்தோடு ஏறும். நிமிடத்துக்கு 400 சுற்றில் ரெக்டிஃபையருக்கு (ஏசியை டிசியாக்கும் பாகம்) பிறகு 27 வோல்ட் வருவதாக நான் அளந்து வைத்திருந்தேன். பெட்டரி இணைந்திருக்கும்வரை வோல்ட் பெட்டரியைத் தாண்ட முடியாது, கரண்ட் ஓடும், அந்தக் கரண்டே இறக்கையைப் பிடித்து இழுக்கும். பெட்டரியைக் கழற்றினால் பிடித்து இழுக்க ஆளில்லை. பலமான ஒரு வீச்சில் இறக்கை ஆயிரம் சுற்றைத் தாண்டிவிடும், வோல்ட் எழுபதைத் தாண்டிவிடும். 63 வோல்ட் கெப்பாசிட்டர் என்ன செய்யும் பாவம்.

சோலார் பெனல் நேர் எதிர். வெயிலில் கழற்றிப் போட்டால் ஒரு எல்லைக்குள் வோல்ட் நின்றுவிடும், சும்மா சூடாகிக்கொண்டு கிடக்கும். சோலார் கன்ட்ரோலர் பெட்டரி நிறைந்ததும் பெனலை வெட்டிவிடுவதுதான் அதன் வேலையே. அதே புத்தியைக் காற்றாடிக்கும் போட்டால் பெட்டரி நிறைந்ததும் காற்றாடியை வெட்டும், காற்றாடி பிய்த்துக்கொண்டு ஓடும். ஒரே பெட்டிக்குள் இரண்டையும் அடைத்து மலிவாக விற்கும்போது எங்கே மிச்சம் பிடிக்கிறார்கள் என்று பார்த்தால், பெரும்பாலும் மிச்சக் கரண்டை எரிக்க வைக்கும் காற்றுப் பக்கத்துச் சுமையில்தான்.

இதை மாமாவிடம் சொன்னேன். மாமா தோட்டத்து ஸ்டோரில் எலக்ட்ரீசியனாக இருந்து ஓய்வு பெற்றவர், இடையில் கொஞ்ச காலம் ஒரு கிராமத்துச் சின்ன நீர்மின் திட்டத்தையும் பார்த்துக்கொண்டவர். சிரித்தார். "எங்க ஆத்து மெசின்ல பலாஸ்ட் ஹீட்டர் எதுக்கு இருந்துச்சுன்னு நெனச்ச? ராத்திரி எல்லாரும் லைட்ட அணைச்சிட்டுப் படுத்திருவாங்க. தண்ணி படுக்குமா? அதுக்கு ஒரு வேல குடுத்துக்கிட்டே இருக்கணும் மருமகனே." அந்தத் திட்டங்களில் வீடுகள் எடுக்காத கரண்ட் எல்லாம் தானாக ஒரு ஹீட்டருக்குத் திரும்பும், டர்பைனுக்கு எப்போதும் ஒரே சுமை. நான் காசு கொடுத்துப் படித்த பாடம் இந்த மலையில் முப்பது வருசமாகத் தண்ணீர்த் தொட்டிக்குள் கிடந்திருக்கிறது.

அதற்குப் பிறகு பொடி மெனிக்கே ரயிலைப் பிடித்துக் கொழும்புக்குப் போய் புறக்கோட்டையில் ஒரு பகல் அலைந்து சாமான் சேர்த்தேன். சோலாருக்குத் தனி எம்பிபிடி (பெனலிலிருந்து எடுக்கக்கூடிய உச்ச சக்தியைத் தேடிப் பிடிக்கும்) கன்ட்ரோலர், அதில் நான் கை வைக்கவில்லை. காற்றுக்கு மட்டும் சொந்தமாகக் கட்டுவது என்று முடிவு.

முதலில் பிரேக். கம்பத்தின் அடியில் மூன்று ஃபேஸையும் ஒன்றோடொன்று ஷார்ட் பண்ணும் ஒரு சேஞ்சோவர் சுவிட்ச். காந்த ஜெனரேட்டரை ஷார்ட் பண்ணினால் இறக்கை தள்ளாடி நிற்கும். ஆனால் இதை வீச்சு நடுவில் போடக்கூடாது, காற்றுக் குறையும் நேரம் பார்த்துப் போட வேண்டும். பெருங்காற்றில் ஷார்ட் பண்ணினால் வயிண்டிங் சூடேறும், சில நேரம் பிடிக்காமலும் போகும். சுவிட்ச் பெட்டியின் கதவில் சிவப்புப் பெயின்டில் 1 என்று எழுதினேன். பெட்டரி பிரேக்கரில் 2. வேறு எதுவும் எழுதவில்லை, வீட்டில் எல்லாருக்கும் எண்ணத் தெரியும்.

ரெக்டிஃபையர் 100 அம்பியர் 1600 வோல்ட் மூன்று ஃபேஸ் மொடியூல். எனக்கு 20 அம்பியருக்கு மேல் வரப்போவதில்லை, பிறகு ஏன் இவ்வளவு பெரிசு என்றால் சூட்டுக்காக. எந்த நேரத்திலும் இரண்டு டயோட் வழியாகக் கரண்ட் போகும், ஒவ்வொன்றிலும் ஒரு வோல்ட் விழுந்தால் 20 அம்பியரில் 40 வாட் வெறும் சூடு. பழைய அம்ப்ளிஃபையர் ஒன்றின் ஹீட் சிங்க்கில் பூட்டினேன். மெல்லிய காற்றில் ஹீட் சிங்க்கும் கொஞ்சம் சோம்பேறி, கொழும்பில் போதுகிற அளவு இங்கே போதாது, அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது முக்கியமான இடம், பூஸ்ட் கன்வேட்டர். 400 சுற்றுக்குக் கீழே வோல்ட் பெட்டரியை எட்டாது, ஒரு துளி கரண்ட் போகாது. இறக்கை நுனி காற்றைப் போல ஐந்து மடங்கு வேகத்தில் ஓடும்போதுதான் நன்றாக இழுக்கும் என்று வைத்தால், 400 சுற்று என்பது செக்கனுக்கு 7.5 மீட்டர் காற்று. அதற்குக் கீழே அடிக்கிற காற்றெல்லாம் வீண். வருசத்தில் பாதி நாள் அந்தக் காற்றுத்தானே. பூஸ்ட் கன்வேட்டர் இருந்தால் 160 சுற்றில் வருகிற 11 வோல்ட்டையும் 27க்கு உயர்த்தித் தள்ளலாம். மொஸ்ஃபெட் ஒரு சுழற்சியில் 59 வீத நேரம் கரண்டை விட்டு சோக்கை (கோரில் சுற்றிய கம்பிச்சுருள்) நிரப்பும், மிச்ச நேரம் சோக் தன் கரண்டை டயோட் வழியாகப் பெட்டரிக்குத் தள்ளும், அவ்வளவுதான் சூத்திரம். 400க்கு மேலே போனால் மொஸ்ஃபெட் தூங்கும், கரண்ட் சோக்கும் டயோடும் வழியாக நேரே போகும், பெட்டரியே பிரேக் மாதிரி இறக்கையைப் பிடித்துக்கொள்ளும். கொஞ்சம் சக்தி இழப்புத்தான், ஆனால் பலத்த காற்றில் அந்தப் பிடி எனக்கு வேண்டும்.

சோக்கில்தான் நான் இரண்டு வாரம் தொலைத்தேன். முதலில் பழைய கம்பியூட்டர் பவர் சப்ளையில் கிடந்த மஞ்சள் வெள்ளை வளையத்தில் சுற்றினேன். 40 கிலோஹேர்ட்ஸில் பத்து நிமிடத்தில் அந்த வளையத்தில் ரொட்டி சுடலாம் போல் ஆனது. அது இரும்புத்தூள் கோர், பெரிய ஏசி ஆட்டத்தை அந்த வேகத்தில் தாங்காது. அடுத்து ஈடிடி 49 ஃபெரைட் கோர். ஃபெரைட்டில் இடைவெளி விடாமல் சுற்றினால் சில அம்பியரிலேயே நிரம்பி, சோக் வெறும் கம்பியாகிவிடும். எனக்கு வேண்டியது 100 மைக்ரோஹென்றி, 12 அம்பியர் தாங்க வேண்டும். 24 சுற்றுப் போட்டால் காந்தப்புலம் 0.24 டெஸ்லாவில் நிற்கிறது, ஃபெரைட்டுக்கு அது பாதுகாப்பான இடம். அதற்கு மொத்த இடைவெளி 1.5 மில்லிமீட்டர். மூன்று கால்களிலும் தட்டு வைத்தால் ஒவ்வொன்றுக்கும் பாதி, அதாவது 0.76. யோசித்துப் பாருங்கள், 0.76 மில்லிமீட்டரில் துல்லியமாக வெட்டிய பிளாஸ்டிக் எல்லார் சட்டைப் பையிலும் இருக்கிறது. காலாவதியான பேங்க் கார்டை வெட்டி மூன்று காலிலும் வைத்தேன். மனைவி பார்த்துவிட்டு, "அந்தக் கார்டால இப்பதான் வீட்டுக்கு ஏதாச்சும் பிரயோசனம்" என்றாள்.

கம்பியைத் தடியாக ஒன்று போடாமல் 0.5 மில்லிமீட்டர் எனாமல் கம்பி பத்தை முறுக்கிப் போட்டேன். இந்த அதிர்வெண்ணில் கரண்ட் கம்பியின் தோலில்தான் ஓடும், நடுச்செம்பு சும்மா விருந்தாளி.

மொஸ்ஃபெட் 200 வோல்ட் ஐஆர்எஃப்பி 260. மூன்று போனது. மூன்றும் ஒரே தப்பால்: ட்ரைவர் சிப்பிலிருந்து கேட்டுக்கு, அதாவது மொஸ்ஃபெட்டைத் திறந்து மூடும் காலுக்கு, போகிற கம்பி ஒரு சாண் நீளம். கேட்டில் பத்து ஓம் ரெசிஸ்டர் போட்டு, டிசி 4420 ட்ரைவரை மொஸ்ஃபெட்டின் காலடியிலேயே ஒட்டிய பிறகு நான்காவது இன்றுவரை உயிரோடு இருக்கிறது.

மூளைக்கு ஆர்டுயினோ நானோ என்ற சின்னக் கம்பியூட்டர் போர்டு. இங்கே ஒரு அனுபவம் சொல்ல வேண்டும். சோலாருக்கு எழுதுகிற மாதிரியே, கொஞ்சம் கூட்டிப் பார், சக்தி ஏறினால் இன்னும் கூட்டு, இறங்கினால் குறை என்ற முறையில்தான் முதலில் எழுதினேன். காற்றாடி ஒவ்வொரு முறையும் மூச்சு முட்டி நின்றது. ஏனென்று ஒரு இரவு முழுக்க மண்டையைப் போட்டு உடைத்தேன். கரண்டைக் கூட்டியதும் சக்தி ஏறத்தான் செய்கிறது, ஆனால் அது காற்றின் சக்தி இல்லை, சுழலும் இறக்கையின் சேமிப்பு. இறக்கை மெதுவாகிக்கொண்டே தன் கையிருப்பைக் கொடுக்கிறது, புரோகிராம் அதைப் பார்த்து "ஆகா, சரியான வழி" என்று இன்னும் கூட்டுகிறது, கடைசியில் இறக்கை நடைப்பிணம். அடகு வைத்த நகைக் காசை வருமானம் என்று எழுதுகிற கணக்குப்பிள்ளை மாதிரி. அதனால் அந்த முறையைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு அட்டவணை எழுதினேன். ஒரு ஃபேஸிலிருந்து பிசி 817 ஒப்டோ (ஒளியால் சிக்னலைக் கடத்தும் சிப்) வழியாகச் சுற்றை எண்ணுகிறேன்: 160 சுற்றென்றால் 10 வாட் எடு, 320 என்றால் 80 எடு, நடுவில் மும்மடிக் கணக்கு. சுற்று இரட்டித்தால் சக்தி எட்டு மடங்கு. அவ்வளவுதான், அந்தத் தேடல் எல்லாம் வேண்டாம், காற்றாடி தானாகவே சரியான வேகத்துக்கு வந்து நிற்கிறது.

அடுத்தது மாமாவின் பலாஸ்ட். பெட்டரி நிறைந்த பிறகு வருவதையெல்லாம் எரிக்க 29 வோல்ட்டில் 600 வாட் தின்னும் சுமை வேண்டும், அதாவது 1.4 ஓமுக்குக் கொஞ்சம் கீழே. கடையில் கேட்டால் 230 வோல்ட் ஹீட்டர் தருகிறார்கள். 1000 வாட் ஹீட்டரின் தடை 53 ஓம், 29 வோல்ட்டில் அது 16 வாட் எடுக்கும், கை காய்ச்சக்கூடக் காணாது. ஆகவே 2000 வாட் அடுப்புக் கொயில் (சூடேறும் கம்பிச்சுருள்) ஒன்றை வாங்கினேன், 26.5 ஓம். ஐந்து சம துண்டாக வெட்டினால் ஒவ்வொன்றும் 5.3 ஓம். நான்கை இணையாகப் போட்டால் 1.32 ஓம், 22 அம்பியர், 637 வாட். ஐந்தாவது ஸ்பேர். ஒவ்வொரு துண்டும் 400 வாட் தாங்கும் கம்பி, நான் கேட்பது 160தான், அதனால் சிவக்கவே சிவக்காது. கொயில் முனையை ஈயத்தால் ஒட்டாதீர்கள், சூட்டில் கழன்றுவிடும், பித்தளை டெர்மினலில் முறுக்கிப் பூட்டுங்கள். தகரப் பெட்டி, உள்ளே தீச்செங்கல், மேலே கம்பி வலை. இதற்கும் மேலே, எட்டாத உயரத்தில் ஒரு கொடி கட்டினேன். கச்சான் காலத்தில் பிள்ளைகளின் யூனிஃபார்ம் மூன்று நாளைக்குக் காயாது. இப்போது காற்று பலமாக அடிக்கிற நாள்தான் எங்கள் வீட்டில் துணி காயும் நாள்.

சுமையைப் பெட்டரி பிரேக்கருக்குக் காற்றாடிப் பக்கமாகவே இணைத்தேன். நாளைக்கு யாராவது, அநேகமாக நானே, மறதியில் பிரேக்கரை இறக்கினாலும் காற்றாடிக்குச் சுமை இருக்கும். ஆர்டுயினோ 29.4 வோல்ட்டில் சுமையைத் துடிப்பாகத் திறக்கத் தொடங்கும். அது ஹேங்க் ஆகிவிட்டால்? அதற்காக அதன் தயவில்லாமல் ஒரு எல்எம் 393 கம்பரேட்டர் (வோல்ட்டை ஒப்பிட்டுப் பார்க்கும் சிப்), 34 வோல்ட்டைத் தொட்டால் சுமையை முழுதாகத் திறந்து பூஸ்ட்டின் துடிப்பையும் வெட்டும். பூஸ்ட் கன்வேட்டரும் காற்றாடி மாதிரிதான், வெளியே எடுக்க ஆளில்லையென்றால் வோல்ட்டை ஏற்றிக்கொண்டே போகும். லித்தியம் பெட்டரி போட நினைப்பவர்கள் இந்தப் பாகத்தை இரண்டு தடவை வாசியுங்கள். அதற்குள் இருக்கும் பிஎம்எஸ் என்ற பாதுகாப்புச் சர்க்யூட் தனக்குப் பிடிக்காத வோல்ட்டைக் கண்டால் சொல்லாமல் கொள்ளாமல் பெட்டரியை வெட்டும், நான் கையால் செய்ததை அது ராத்திரி இரண்டு மணிக்குத் தானாகச் செய்யும்.

29.4 என்று சொன்னேனே, முதலில் அதை 28.4இல் வைத்திருந்தேன். சோலார் கன்ட்ரோலர் 28.8 வரை ஏற்றப் பார்க்கும். விளைவு, ஒரு ஞாயிற்றுக்கிழமை இலை அசையாத வெயிலில் தகரப் பெட்டி கொதித்துக்கொண்டிருக்கிறது, பெட்டரி நிறையவேயில்லை. பகல் பூராவும் வெயிலைப் பிடித்து ஹீட்டரில் எரித்திருக்கிறேன். சோலார் நிறுத்தும் வோல்ட்டுக்கு மேலேதான் சுமை தொடங்கும் வோல்ட் இருக்க வேண்டும், அப்போதுதான் நிறையும்போது சோலார் முதலில் ஒதுங்கும், மிச்சத்தைக் காற்றோடு சுமை பார்த்துக்கொள்ளும்.

பெனல்களை இணையாகத்தான் போட்டேன். ஒவ்வொன்றும் திறந்த நிலையில் 46 வோல்ட், தொடரில் 92, கன்ட்ரோலரின் எல்லை 100, போதும்தானே என்று தோன்றும். ஆனால் 25 டிகிரிக் கணக்கு அது. குளிர ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.3 வீதம் வோல்ட் ஏறும். தை மாதம் விடியக்காலம் 10 டிகிரியில் பனியில் கிடந்த பெனலில் திடீரென்று வெயில் விழுந்தால் 96. நுவரெலியா பக்கம் இன்னும் மோசம். இவ்வளவு பக்கத்தில் விளையாட எனக்குத் தைரியமில்லை.

மின்னலுக்கு: கம்பத்துக்குத் தனி எர்த் ராட், மூன்று ஃபேஸிலும் வேரிஸ்டர் (வோல்ட் எகிறினால் அதை உள்வாங்கும் பாகம்). சித்திரை, ஐப்பசிப் பின்னேரங்களில் இடி இறங்கும்போது நான் சுவிட்ச் 1ஐப் போட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விடுவேன், வேரிஸ்டரை முழுதாக நம்புகிற ஆள் நானில்லை.

ஜூலை கடைசியில் ஓடத் தொடங்கியது. போன வாரம் மாமா வந்தார். பெட்டி முன்னால் குந்தி, ஹீட் சிங்க்கைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார், சோக்கைத் தொட்டார், கொயில் பெட்டிக்கு மேலே காய்ந்துகொண்டிருந்த வெள்ளைச் சட்டையையும் தொட்டார். பிறகு யாரிடமும் கேட்காமல் எழும்பிப் போய்ப் பெட்டரி பிரேக்கரை, 2 என்று எழுதியதை, முதலில் இறக்கினார். எனக்கு உயிர் போய் வந்தது. வெளியே 'வூ' மாறவில்லை. கொயில் பெட்டி மட்டும் 'ம்ம்ம்' என்று முனகியது. பிரேக்கரை மறுபடி ஏற்றிவிட்டு, டீ கேட்டார்.

இன்னும் ஒரு தொல்லை மிச்சம் இருக்கிறது. 320 சுற்றுக்குப் பக்கத்தில் வரும்போது கம்பம் சுவரோடு சேர்ந்து உறுமுகிறது, அறையில் படுத்திருப்பவருக்குத் தலையணை வழியாகக் கேட்கும். கம்பத்தைச் சுவரிலிருந்து பிரித்துத் தனிக் கொங்கிரீட்டில் நட வேண்டும், அதற்குக் காற்று அடங்க வேண்டும். அதுவரை அட்டவணையில் 300க்கும் 340க்கும் நடுவில் கரண்டைக் கொஞ்சம் குறைத்து எழுதியிருக்கிறேன், காற்றாடி அந்த இடத்தில் நிற்காமல் தாண்டிப் போகட்டும் என்று. பாதி ராத்திரிகள் தாண்டுகிறது.